பட்டைக்குள் எவ்வளவு மரம்?

ஸ்வீடனில் மரம் வெட்டுவது இன்று பெரும்பாலும் ஹார்வெஸ்டர் என்ற இயந்திரத்தின் வேலை. பெரிய சக்கரங்கள், நீண்ட இரும்புக் கை, கையின் முனையில் மரத்தைக் கவ்விப் பிடிக்கும் தலை. அந்தத் தலை நிற்கிற மரத்தின் அடியைப் பற்றி, அறுத்து, சாய்த்து, உருளைகளால் இழுத்துக்கொண்டே கிளைகளைச் சீவித் தள்ளுகிறது. இழுக்கும்போதே அளக்கவும் செய்கிறது. ஒரு பற்சக்கரம் மரத்தின் மேல் உருண்டு நீளத்தைக் கணக்கிடுகிறது. கவ்வியிருக்கும் கத்திகளும் உருளைகளும் எவ்வளவு விரிந்திருக்கின்றன என்பதிலிருந்து விட்டம் தெரிகிறது. ஓட்டுநருக்கு முன்னால் இருக்கும் கணினி, எந்த இடத்தில் துண்டு போட்டால் நல்ல விலை கிடைக்கும் என்று பார்த்து ரம்பத்துக்குக் கட்டளை கொடுக்கிறது. ஒரு முழு பைன் மரம் ஒரு நிமிடத்துக்குள் கட்டைகளாகிவிடும்.

இயந்திரத்தின் கத்தி தொடுவது பட்டையை. அறுவை ஆலை பணம் கொடுப்பதோ பட்டைக்கு உள்ளே இருக்கும் மரத்துக்கு. விலைப்பட்டியலில் ஒவ்வொரு கட்டைக்கும் நுனி விட்டத்தைப் பட்டை நீக்கித்தான் போட்டிருப்பார்கள். ஆகவே ரம்பம் இறங்குவதற்கு முன்பே, தன்னால் பார்க்க முடியாத ஓர் எல்லை எங்கே இருக்கிறது என்று கணினி சொல்லியாக வேண்டும். பட்டை எங்கே முடிகிறது, மரம் எங்கே தொடங்குகிறது? பட்டையை உரித்துப் பார்க்க நேரம் கிடையாது. கையில் இருப்பது வெளிப்புற அளவுகள் மட்டும்.

மில்லிமீட்டர் கணக்கில் இருக்கும் ஒரு பொருளுக்கு இத்தனை கவலை எதற்கு என்று தோன்றலாம். நுனியில் 20 செ.மீ. விட்டமுள்ள ஒரு கட்டையை எடுத்துக்கொள்வோம். அதன் பட்டையை இரண்டு பக்கமும் சேர்த்து வெறும் 1 மி.மீ. தவறாக மதிப்பிட்டால் மரத்தின் கன அளவு சுமார் 1 சதவீதம் பிசகும். விட்டத்தில் வரும் பிழை பரப்பில் இரட்டிப்பாகிறது என்பதே காரணம். ஸ்வீடனில் ஆண்டுதோறும் வெட்டப்படும் மரம், பட்டை நீக்கிய கணக்கில் 7 கோடி கனமீட்டருக்கும் மேல். அதில் 1 சதவீதம் என்றால் 7 லட்சம் கனமீட்டர். அந்த நாட்டின் காட்டில் பாதியளவு தனியார் குடும்பங்களின் கையில் இருக்கிறது. பிழை எந்தப் பக்கம் சாய்கிறதோ அதைப் பொறுத்து அவர்களோ ஆலையோ இழக்கிறார்கள்.

பட்டையின் கனத்தைக் கணிப்பதற்கு முன்னால் அது எப்படி உண்டாகிறது என்று பார்க்க வேண்டும். பள்ளித் தாவரவியலில் படித்த கேம்பியம் இங்கே உதவும். மரத்துக்கும் பட்டைக்கும் நடுவில், சில செல்கள் அகலமே உள்ள உயிருள்ள படலம் அது. உள்பக்கமாகச் சைலத்தை, அதாவது மரத்தை, உண்டாக்குகிறது. வெளிப்பக்கமாக ஃபுளோயத்தை உண்டாக்குகிறது. இலையில் தயாரான சர்க்கரை கீழே இறங்கும் வழி இந்த ஃபுளோயம்தான். பட்டையின் உட்புறத்தில் ஈரமாக, வெளிறிய நிறத்தில் இருப்பது இது. வடக்கு ஸ்காண்டினேவியாவின் சாமி மக்கள் கோடையின் தொடக்கத்தில் பைன் மரத்திலிருந்து இந்த உள்பட்டையை உரித்து உணவாக்கிக்கொண்டார்கள். மரம் சாகாதபடி ஒரு பக்கம் மட்டும் உரித்த தழும்புகளோடு பழைய பைன் மரங்கள் இன்றும் அங்கே நிற்கின்றன.

ஃபுளோயத்துக்கு வெளியே இன்னொரு படலம் இருக்கிறது. ஃபெல்லோஜன் என்று பெயர். சூபரின் என்னும் மெழுகுத்தன்மையுள்ள பொருள் ஊறிய தக்கைச் செல்களை அது வெளிநோக்கித் தள்ளுகிறது. மரம் பருக்கப் பருக்க வெளியே இருக்கும் அடுக்குகள் இழுபட்டு வெடிக்கின்றன. உள்ளே புதிய ஃபெல்லோஜன் படலங்கள் தோன்றுகின்றன. அவற்றுக்கு வெளியே அகப்பட்ட பழைய ஃபுளோயம் நீரும் உணவும் இல்லாமல் செத்துப்போய், தக்கையோடு சேர்ந்து வெளிப்பட்டையாகிறது. வேனிற்காலத்தில் வெடித்த வயலைப்போல் பிளவுபட்டுத் தெரியும் முரட்டு மேற்பரப்பு இந்த இறந்த பகுதிதான். அது அப்படியே நிற்பதும் இல்லை. செதில் செதிலாக உதிரவும் செய்கிறது. ஆகவே எந்த நேரத்திலும் பட்டையின் கனம் என்பது ஒரு வரவு செலவுக் கணக்கின் மீதி: உள்ளிருந்து சேர்ந்தது எவ்வளவு, வெளியே உதிர்ந்தது எவ்வளவு என்பதன் வித்தியாசம்.

இந்தக் கணக்கை ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு விதமாக நடத்துகிறது. ஒரே மரம்கூட அடியில் ஒரு விதமாகவும் உச்சியில் வேறு விதமாகவும் நடத்தும். ஸ்வீடன் காடுகளை ஆளும் இரண்டு ஊசியிலை மரங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். நார்வே ஸ்ப்ரூஸின் பட்டை அடியிலிருந்து நுனிவரை மெல்லியது, சிறு செதில்கள் கொண்டது, ஏறத்தாழ ஒரே தோற்றம். ஸ்காட்ஸ் பைன் வேறு. ஸ்காட்லாந்திலிருந்து கிழக்குச் சைபீரியா வரை பரவிக் கிடக்கும் அந்த மரத்தின் அடியில் சாம்பலும் பழுப்புமான தடித்த பலகைகள், அவற்றுக்கிடையே ஆழமான பிளவுகள். சில மீட்டர் மேலே போனதும் பட்டை நிறம் மாறி ஆரஞ்சுப் பழத் தோலின் நிறத்துக்கு வருகிறது. காகிதம்போல மெல்லிய செதில்களாக உரிந்துகொண்டே இருக்கிறது. மாலை வெயிலில் பைன் காட்டின் மேல்பாதி பொன்னாகத் தெரிவது இதனால்தான்.

காட்டில் மரத்தை அளப்பவர்கள் நெஞ்சு உயரத்தில் விட்டம் எடுப்பார்கள். ஐரோப்பாவில் தரையிலிருந்து 1.3 மீட்டர், இந்தியாவில் 1.37 மீட்டர். பழைய நாலரை அடிக் கணக்கு நம்மிடம் தங்கிவிட்டது. மனிதனுக்குக் குனியாமல், ஏறாமல் எட்டும் உயரம் என்பதைத் தவிர இந்த எண்ணுக்கு மரத்தோடு தனி உறவு எதுவும் கிடையாது. பட்டையின் கனத்தையும் அங்கேதான் எடுக்க முடிகிறது. அதற்கென்று ஒரு கருவி இருக்கிறது. ஸ்வீடன் பட்டைமானி என்று வனத்துறையினர் உலகெங்கும் அறிந்தது. கைப்பிடியோடு கூடிய ஒரு கூரிய அரைவட்ட உளி, அதன் மேல் நகரும் ஓர் உறை, உறையோடு மி.மீ. அளவுகோல். உளியைப் பட்டைக்குள் அழுத்தினால் மிருதுவாக இறங்கி, மரத்தில் முட்டியதும் நிற்கும். உறை பட்டையின் மேற்பரப்பில் தங்கிவிடும். இரண்டுக்கும் உள்ள தூரம் பட்டையின் கனம். எதிரெதிர்ப் பக்கங்களில் எடுத்துக் கூட்டினால் இரட்டைப் பட்டைக் கனம் வருகிறது. வெளி விட்டத்திலிருந்து அதைக் கழித்தால் மரத்தின் விட்டம்.

கேட்க எளிமையாக இருக்கும் இந்த வேலையில் கையும் காலமும் குறுக்கே வரும். வசந்தத்தில் மரத்தில் நீர் ஏறும்போது புதிதாக உண்டாகும் மரச்செல்கள் மென்மையாக இருக்கும். உளி மரத்துக்குள்ளேயே இறங்கிவிடும், பட்டை உண்மையைவிடத் தடிமனாகத் தெரியும். பிளவுகள் உள்ள பட்டையில் எந்த இடத்தில் குத்துவது என்பதும் பெரிய கேள்வி. விட்டம் எடுக்கும் காலிப்பரின் தாடைகள் பலகைகளின் மேட்டில்தான் உட்காருகின்றன. பட்டைமானியைப் பிளவுக்குள் இறக்கினால் கழிக்க வேண்டியதைவிடக் குறைவாகக் கழிப்போம். மேட்டின் மேல் அளந்ததை மேட்டிலிருந்தே கழிக்க வேண்டும். அப்படிச் செய்தாலும், கிடைக்கும் ‘பட்டைக் கன அளவு’ என்பதில் பிளவுகளுக்குள் இருக்கும் வெறும் காற்றும் அடக்கம். பட்டையை எரிபொருளாக எடைபோட்டு விற்பவர் இதை மறந்தால் அவர் கணக்கு இடிக்கும்.

ஸ்வீடன் தன் தேசியக் காட்டுக் கணக்கெடுப்பை 1923-ல் தொடங்கியது. மாதிரி மரங்களில் பட்டைக் கனத்தையும் எடுத்து எழுதிய கணக்கெடுப்பு அது. 1940-களில் மான்ஃபிரெட் நாஸ்லுண்ட் நிற்கும் மரத்தின் கன அளவைக் கணிக்கும் சமன்பாடுகளை உருவாக்கியபோது நாட்டின் வடக்குக்கும் தெற்குக்கும் தனித்தனியாகவே தந்தார். விரிவான சமன்பாடுகளில் விட்டம், உயரம் முதலியவற்றோடு பட்டைக் கனத்துக்கும் இடம் இருந்தது. உயரமும் விட்டமும் ஒன்றாக இருக்கும் இரண்டு பைன்களுக்குள் மர அளவு மாறுபடுவதற்குப் பட்டை ஒரு காரணம் என்பதை அந்தத் தலைமுறை ஆய்வாளர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

ஆனால் 1.3 மீட்டருக்கு மேலே? ஒரு பைன் 20 மீட்டர் நிற்கிறது. ஏணி போட்டு ஒவ்வொரு மீட்டருக்கும் குத்திப் பார்க்க முடியாது. எனவே மதிப்பீடு வருகிறது. எல்லாவற்றிலும் எளிய மதிப்பீட்டை அமெரிக்க வன அளவியலாளர் மேயர் 1946-ல் வெளியான கட்டுரையில் நேர்த்தியாக வகுத்துக் காட்டினார். பட்டையில்லா விட்டத்தைப் பட்டையுள்ள விட்டத்தால் வகுத்தால் ஒரு விகிதம் கிடைக்கிறது. பல மரங்களில் எடுத்த அளவுகளிலிருந்து அந்த விகிதத்தைக் கண்டுபிடித்து மரம் முழுக்க அதுவே பொருந்தும் என்று வைத்துக்கொண்டால், கன அளவில் மரத்தின் பங்கு அந்த விகிதத்தின் வர்க்கம். விகிதம் 0.9 என்றால் வர்க்கம் 0.81. விட்டத்தில் பத்தில் ஒரு பங்கே பட்டை, ஆனால் கன அளவில் 19 சதவீதம் பட்டைக்குப் போய்விடுகிறது. முதன்முறை கேட்கும்போது நம்பச் சிரமமாக இருக்கும். வட்டத்தின் பரப்பு விளிம்பில்தான் அதிகம் குவிந்திருக்கிறது, பட்டை உட்கார்ந்திருப்பதும் அதே விளிம்பில்.

அந்த விகிதத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. மரத்தின் வளர்ச்சியை அறிய வனத்துறையினர் துளைக்கருவியால் பென்சில் கனத்தில் ஒரு குச்சியை உருவி எடுத்து வளையங்களை எண்ணுகிறார்கள். பத்து ஆண்டுகளில் மரம் 4 செ.மீ. பருத்திருப்பதாக வளையங்கள் சொன்னால், வெளிவிட்டம் அதைவிடச் சற்று அதிகம் கூடியிருக்கும். மரம் பருத்தபோது பட்டையும் சேர்ந்து தடித்தது அல்லவா? வளையம் காட்டும் வளர்ச்சியை விகிதத்தால் வகுத்துத்தான் பத்து ஆண்டுக்கு முன் அந்த மரம் வெளியே எவ்வளவு இருந்தது என்று சொல்ல முடியும். காட்டின் கரிமச் சேமிப்பைப் பின்னோக்கிக் கணக்கிடும் எல்லோரும் இந்தப் படியைத் தாண்டித்தான் போகிறார்கள்.

மரம் முழுக்க ஒரே விகிதம் என்ற அனுமானம் ஸ்ப்ரூஸுக்குப் பெரும்பாலும் சரிவருகிறது. பைனில் அது தோற்கிறது. இதை எண்களால் பார்ப்பதுதான் நல்லது.

ஹார்வெஸ்டர்களுக்குப் பட்டைச் சமன்பாடு கொடுப்பதில் ஸ்வீடனில் முதலில் புழங்கியது சாக்கோ என்ற ஆய்வாளர் 1974-ல் அறுவைக் கட்டைகளை அளந்து எழுதியது. விட்டம் கூடினால் பட்டையும் நேர்கோட்டில் கூடும் என்பது அதன் சாரம். 2004-ல் ஸ்வீடனின் வன ஆய்வு நிறுவனமான ஸ்கூக்ஃபோர்ஸ்கில் ஹன்ரூப் இரண்டு மரங்களுக்கும் புதிய சமன்பாடுகள் தந்தார். ஸ்ப்ரூஸின் சமன்பாட்டில் இரண்டே அளவுகள் போதும்: நெஞ்சு உயர விட்டம், கணிக்க வேண்டிய இடத்தின் விட்டம். மி.மீ. கணக்கில் முதலாவதை சுமார் 0.014-ஆலும் இரண்டாவதை சுமார் 0.036-ஆலும் பெருக்கிக் கூட்டி, அரை மி.மீ. சேர்த்தால் இரட்டைப் பட்டைக் கனம் கிடைத்துவிடும். நெஞ்சு உயரத்தில் 300 மி.மீ. உள்ள ஸ்ப்ரூஸில் அங்கே பட்டை இரண்டு பக்கமும் சேர்த்து சுமார் 15 மி.மீ. அதே மரம் 200 மி.மீ.-ஆகச் சிறுத்த இடத்தில் சுமார் 12 மி.மீ. பரப்பாகப் பார்த்தால் முதல் இடத்தில் பட்டையின் பங்கு 10 சதவீதம், இரண்டாவது இடத்தில் 11 சதவீதத்துக்குச் சற்று மேல். பெரிய மாற்றம் இல்லை. ஒரே விகிதத்தைப் போட்டாலும் மோசம் போக மாட்டோம்.

அதே 300 மி.மீ. பைனை எடுப்போம், நாட்டின் நடுப்பகுதியில், 60 பாகை அட்சரேகையில் நிற்பதாக வைத்துக்கொண்டு. பைன் சமன்பாட்டில் தரையிலிருந்து உள்ள உயரம் ஒரு முதன்மையான அளவாக நுழைகிறது. உயரம் ஏற ஏற பட்டை முதலில் மளமளவென்று குறைந்து, பிறகு சீரடைந்து, ஒரு மெல்லிய படலமாகவே தொடரும் வளைகோடு அது. நெஞ்சு உயரத்தில் இரட்டைக் கனம் சுமார் 29 மி.மீ. மூன்று மீட்டரில் 18. ஐந்து மீட்டரில் 12. பத்து மீட்டரில் 8-க்கும் கீழே. பத்து மீட்டரில் மரத்தின் வெளிவிட்டம் 200 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் அங்கே பரப்பில் பட்டை ஏழரை சதவீதம்தான். கீழே நெஞ்சு உயரத்திலோ 18 சதவீதம்.

இப்போது நெஞ்சு உயர விகிதத்தை அப்படியே மேலே கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும்? பத்து மீட்டரில் உள்ள கட்டையில் உண்மையில் இருக்கும் மரத்தைவிடக் கிட்டத்தட்ட 12 சதவீதம் குறைவாகக் கணக்கிடுவோம். அந்தக் கட்டை விலைப்பட்டியலில் ஒரு வகுப்பு கீழே இறங்கிவிடலாம். கணினி துண்டு போடும் இடத்தையே மாற்றிவிடும். எட்டுகிற உயரத்தில் ஒரே ஓர் இடத்தில் எடுத்த அளவை மரம் முழுக்கப் போர்த்துவது பைனுக்குச் செய்யும் அநீதி என்று நான் சொல்வேன். அந்த அநீதியில் நட்டப்படுகிறவர் மரத்தை வளர்த்தவர்.

சமன்பாட்டில் இன்னொரு விருந்தாளியும் உண்டு, அட்சரேகை. ஸ்வீடன் வடக்கு தெற்காக சுமார் 1,570 கி.மீ. நீண்ட நாடு. தெற்கே 56 பாகையில் நிற்கும் 300 மி.மீ. பைனில் நெஞ்சு உயர இரட்டைப் பட்டை சுமார் 31 மி.மீ. ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டி 66 பாகையில் அதே பருமனுள்ள பைனில் சுமார் 25 மி.மீ. நாஸ்லுண்ட் அன்று இரண்டாகப் பிரித்துத் தந்ததை இன்று ஒரே கோட்டில் இழைத்திருக்கிறார்கள். வெட்டப் போகும் காடு எந்த அட்சரேகையில் இருக்கிறது என்று ஹார்வெஸ்டரின் கணினிக்குச் சொல்லிவிட்டால் போதும்.

பைன் ஏன் பட்டையை அடியில் இப்படிக் குவிக்கிறது? அந்தக் காடுகளின் வரலாற்றில் நெருப்பு தொடர்ந்து இருந்திருக்கிறது. மின்னல் விழுந்து, காய்ந்த பாசியிலும் புதரிலும் பிடித்து, தரையோடு தரையாகப் பரவும் தீ. 2014-ல் வெஸ்ட்மான்லாந்தில் 13,000 ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. 2018-ல் நாடு முழுக்க சுமார் 25,000 ஹெக்டேர். தரைத்தீ தாக்குவது மரத்தின் முதல் ஒன்றிரண்டு மீட்டரை. உள்ளே இருக்கும் கேம்பியம் 60 பாகை செல்சியஸ் வாக்கில் செத்துவிடும். சுற்றிலும் செத்தால் மரமும் சாகும். வெளி வெப்பம் உள்ளே ஊடுருவ எடுக்கும் நேரம் கனத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. கனம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கு. அமெரிக்காவின் வடக்கு ராக்கி மலைக் காடுகளுக்காக பீட்டர்சனும் ரையனும் 1986-ல் தந்த எளிய சூத்திரம், பட்டைக் கனத்தை செ.மீ.-ல் வர்க்கப்படுத்தி 2.9-ஆல் பெருக்கினால் கேம்பியம் தாங்கும் நிமிடங்கள் என்கிறது. அதை இங்கே கடன் வாங்கி, அளவின் வித்தியாசத்தை மட்டும் பார்க்கலாம். நம் 300 மி.மீ. பைனுக்கு நெஞ்சு உயரத்தில் ஒரு பக்கப் பட்டை 1.45 செ.மீ. என்பதால் சுமார் 6 நிமிடம். அரை மீட்டர் உயரத்தில் பட்டை இன்னும் தடித்திருப்பதால் சுமார் 10 நிமிடம். அதே பருமனுள்ள ஸ்ப்ரூஸுக்கு நெஞ்சு உயரத்தில் 2 நிமிடம்கூட இல்லை.

தரைத்தீ ஓர் இடத்தைக் கடந்துபோக எடுக்கும் நேரம் நிமிடங்களில்தான். பைன் பிழைக்கிறது, ஸ்ப்ரூஸ் பெரும்பாலும் சாகிறது. ஒரு பக்கம் மட்டும் வெந்த பைன், தழும்பை மூடி வளர்ந்து, அந்தத் தீயின் ஆண்டைத் தன் வளையங்களுக்குள் குறித்து வைக்கிறது. பல நூற்றாண்டுத் தீ வரலாற்றை ஆய்வாளர்கள் வாசித்திருப்பது இப்படிப் பிழைத்த பைன்களிலிருந்துதான். உச்சியில் பட்டையைத் தடிப்பாக வைத்திருந்தாலும் பைனுக்கு லாபம் குறைவு. செலவு செய்ய வேண்டிய இடத்தில் செலவு செய்து, மற்ற இடத்தில் உதிர்த்துவிடுகிறது. சமன்பாட்டில் வளைந்து இறங்கும் அந்தக் கோட்டைப் பார்க்கும்போது எனக்குத் தீயின் உயரம்தான் நினைவுக்கு வருகிறது.

பட்டையே அறுவடையாகும் காட்டில் இதே அளவுகள் சட்டமாகியிருக்கின்றன. உலகத் தக்கையில் ஏறத்தாழ பாதியைத் தரும் போர்ச்சுகலில், தக்கை ஓக் மரத்தின் சுற்றளவு 1.3 மீட்டர் உயரத்தில் 70 செ.மீ. ஆகும்வரை முதல் உரிப்பு கூடாது. அடுத்த உரிப்புக்கு 9 ஆண்டு காத்திருக்க வேண்டும். எவ்வளவு உயரம்வரை உரிக்கலாம் என்பதையும் சுற்றளவின் மடங்காகவே வரையறுத்திருக்கிறார்கள். உரித்த ஆண்டின் கடைசி எண்ணை அடிமரத்தில் வெள்ளைச் சாயத்தில் எழுதிவிடுவார்கள். ராபர்ட் ஹூக் 1665-ல் நுண்ணோக்கியின் கீழ் வைத்துச் செல்கள் என்று பெயரிட்டது இந்த மரத்தின் தக்கையைத்தான். உயிரியலின் அடிப்படைச் சொல் ஒன்று பட்டையிலிருந்து வந்திருக்கிறது.

மீண்டும் ஹார்வெஸ்டருக்கு வருவோம். எவ்வளவு நல்ல சமன்பாடும் சராசரியைத்தான் சொல்லும். ஒரே காட்டில், ஒரே பருமனில் நிற்கும் இரண்டு பைன்களில் ஒன்று தடித்த பட்டையோடும் மற்றது மெல்லிய பட்டையோடும் இருக்கும். வயது, வளர்ந்த வேகம், பரம்பரை எல்லாம் கலந்த விளைவு அது. ஆயிரம் கட்டைகளைச் சேர்த்துப் பார்க்கும்போது கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஒரு கட்டைக்கு அந்த உறுதி கிடையாது. இதைவிட ஆபத்தானது ஒரே பக்கமாகச் சாயும் பிழை. வசந்தத்தில் நீரோட்டம் தொடங்கியதும் பட்டை மரத்திலிருந்து எளிதாகக் கழன்றுவிடும். உருளையின் முட்களும் கத்தியும் பட்ட இடத்தில் பட்டை பிய்ந்து போகும். இயந்திரம் வெறும் மரத்தையே அளந்துவிட்டு, இல்லாத பட்டையை மறுபடியும் கழிக்கும். அந்தப் பருவம் முழுக்க ஒவ்வொரு கட்டையிலும் இதே திசையில் பிசகினால் ஆயிரம் கட்டை சேர்ந்தாலும் பிழை அழியாது, குவியும்.

அதற்காகத்தான் கணினியே அவ்வப்போது குருட்டாம்போக்கில் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, ஓட்டுநரை இறங்கி அளக்கச் சொல்கிறது. அவர் மின்னணுக் காலிப்பரோடு போய் கட்டைகளை மறுபடி அளந்து வருகிறார். இரண்டு அளவுகளையும் ஒப்பிட்டு இயந்திரம் திருத்தப்படுகிறது. ஆலை வாசலில் இன்னொரு சோதனையும் காத்திருக்கிறது. எக்ஸ்-கதிர் அளவிகள் கட்டை ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டைக்கும் மரத்துக்கும் உள்ள அடர்த்தி வித்தியாசத்திலிருந்து எல்லையைக் கண்டுவிடுகின்றன. பெரிய ஆலைகளில் இவை இருக்கின்றன. ஆனால் அங்கே வரும்போது மரம் ஏற்கெனவே துண்டுபட்டுவிட்டது. எங்கே துண்டு போடுவது என்ற முடிவு காட்டிலேயே, சமன்பாட்டை நம்பியே எடுக்கப்பட்டாகிவிட்டது. எக்ஸ்-கதிர் வந்த பிறகும் பட்டைச் சமன்பாட்டைச் செப்பனிடும் வேலை நிற்காததற்கு இதுவே காரணம்.

பட்டைக்கு எவ்வளவு கழிப்பது என்ற கேள்வி நம் ஊரிலும் உண்டு. தென்னிந்தியாவில் தேக்கு விற்கும் இடங்களில் விட்டத்துக்குப் பதில் சுற்றளவு பேசப்படுகிறது. சுற்றளவை நான்கால் வகுத்து, வர்க்கப்படுத்தி, நீளத்தால் பெருக்குகிறார்கள். எட்வர்ட் ஹாப்பஸ் என்ற ஆங்கிலேய அளவையாளர் 1736-ல் அச்சிட்ட அட்டவணைகள் வழியாகப் பரவிய முறை அது. உருளையின் உண்மையான கன அளவில் 78.5 சதவீதத்தைத்தான் அது காட்டும். மீதி அறுவையில் போகும் சேதாரம் என்று வாணிபம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. இந்த விட்டுக்கொடுப்புக்கு மேல் பட்டைக்கென்று தனியாகவும் கழிப்பது உண்டு. அந்தக் கழிப்பை ஒரு குத்துமதிப்பான சதவீதமாக எல்லா மரத்துக்கும் போடுவதில் நியாயம் இல்லை. பட்டை 1 செ.மீ. கனம் என்றால், மரம் பெரிதானாலும் சிறிதானாலும், சுற்றளவில் குறைய வேண்டியது 6.28 செ.மீ. 120 செ.மீ. சுற்றுள்ள கட்டையில் அது கன அளவில் சுமார் 10 சதவீதம். 60 செ.மீ. சுற்றுள்ள கட்டையில் 20 சதவீதம். ஒரே கழிப்பு விகிதம் இரண்டுக்கும் பொருந்தாது.

வரப்பில் நின்ற தேக்கையோ தோட்டத்து மரத்தையோ விற்கப் போகிறவர்கள் விலை பேசுவதற்கு முன் மூன்று காரியம் செய்யுங்கள். அளவு பட்டையோடா, பட்டை நீக்கியா என்று கேளுங்கள். ஒவ்வொரு துண்டையும் அதன் நடுவில் தனியாக அளக்கச் சொல்லுங்கள். துண்டின் இரண்டு முனைகளிலும் பட்டையின் கனத்தை ஒரு ஸ்கேலை வைத்து நீங்களே பார்த்து, சராசரியை 6.28-ஆல் பெருக்கி, அதை மட்டும் சுற்றளவிலிருந்து கழிக்கச் சொல்லுங்கள்.